காந்தமா, கூழாங்கல்லா?

1921ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதி. ஜான் பார் என்ற ஏழைச் சிறுவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு கற்கள் நிறைந்த சரிவில் இறங்கி வருகிறான். வழியில் கிடக்கும் ஏதோ ஒன்று கண்ணில் பட, குனிந்து எடுக்கிறான். அது துருவேறிய காந்தமாக இருந்தால், இரும்பைத் தானாக இழுக்கும் அந்தப் பொருள் அவனைச் சும்மா இருக்க விடாது. ஏன், எப்படி என்று கேட்கத் தொடங்கிப் பெரிய விஞ்ஞானியாக வளர்வான். அவன் கண்டுபிடிப்பை அடித்தளமாகக் கொண்டு எதிர்காலத்தில் ஜோன்பார் என்ற அற்புத நகரம் எழும். கையில் கிடைத்தது வெறும் கூழாங்கல்லாக இருந்தால், பண்ணை பண்ணையாகக் கூலி வேலை பார்த்துவிட்டுப் பெயர் தெரியாமல் செத்துப்போவான். உலகம் கைரோங்கி என்ற கொடுங்கோல் அரசின் பிடியில் போய் விழும்.

ஜாக் வில்லியம்சன் எழுதிய 'த லீஜன் ஆஃப் டைம்' என்ற நாவல் இந்த ஒரு கணத்தின் மேல்தான் நிற்கிறது. 1938ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் தொடராக வந்தது. கைரோங்கியின் ஆட்கள் காலத்தில் பின்னோக்கிப் போய், காந்தத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் கூழாங்கல்லை வைத்துவிடுகிறார்கள். அதை மீட்டுக் கிடந்த இடத்திலேயே மறுபடி போடுவதற்காகக் காலத்தினூடே ஒரு போர் மூள்கிறது. வரலாறு கிளை பிரியும் இடத்தை அறிவியல் புனைகதை விமர்சகர்கள் இன்றைக்கும் 'ஜோன்பார் புள்ளி' என்றுதான் அழைக்கிறார்கள்.

இதைச் சாகசக் கதையாகப் படித்து மூடி வைத்துவிட முடியும். ஆனால் அதற்குள் இருக்கும் இயற்பியலை இன்றைய அறிவோடு உரசிப் பார்த்தால், ஒரு பாதி தன் காலத்தை முந்திக்கொண்டு சரியாக நிற்கிறது. மறுபாதி தவறு. ஏன் தவறு என்பதற்கு மிகத் துல்லியமான ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு அந்தக் காரணம் கதையைவிடச் சுவையானது.

முதலில் அந்தக் காந்தம். வில்லியம்சன் அதை மாயப் பொருளாகப் படைக்கவில்லை. பழைய ஃபோர்டு மாடல் டி காரிலிருந்து கழன்று விழுந்த துண்டு அது. அந்தக் காரின் எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலில், கவட்டை வடிவக் காந்தங்கள் 16 வட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுக்கு நேரெதிரே அசையாமல் 16 செப்புக் கம்பிச் சுருள்கள். எஞ்சின் சுழலச் சுழலக் காந்தங்கள் சுருள்களைக் கடக்கும். சுருள்களில் மின்சாரம் பிறக்கும். அதிலிருந்துதான் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி. 1908 முதல் 1927 வரை சுமார் 1 கோடியே 50 லட்சம் மாடல் டி கார்கள் ஆலையை விட்டு வெளியேறின. கிராமத்துப் பழைய இரும்புக் குவியல்களில் இந்தக் காந்தங்கள் கேட்பாரற்றுக் கிடந்த காலம் அது. ஒரு சிறுவன் கையில் முதன்முதலாக அறிவியலை வைக்க இதைவிட இயல்பான பொருள் அன்றைய அமெரிக்கக் கிராமத்தில் கிடையாது. நான்கைந்து வயதில் அப்பா காட்டிய திசைகாட்டியின் முள் தன்னை எப்படி உலுக்கியது என்பதை ஐன்ஸ்டைனும் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

கதை 1927 ஏப்ரல் மாதத்து மாலைப்பொழுது ஒன்றில் தொடங்குகிறது. ஹார்வர்டு மாணவன் டென்னி லானிங்கின் அறையில் லெதோனி என்ற பெண் திடீரென்று தோன்றுகிறாள். அவள் ஜோன்பாரைச் சேர்ந்தவள். மறுநாள் விமானத்தில் ஏற வேண்டாம் என்று எச்சரிக்கிறாள். அவன் போகாததால் அவனுக்குப் பதிலாகப் பறந்த நண்பன் சாகிறான். அடுத்து வருகிறாள் கைரோங்கியின் அரசி சொரெய்னியா, போர்க் கவசத்தோடு. பத்தாண்டு கழித்து ஷாங்காய் வானில் நடக்கும் சண்டையில் லானிங் சாகும் தறுவாயில், 'க்ரோனியன்' என்ற காலக்கப்பல் அவனைத் தூக்கிக்கொள்கிறது. கப்பலை நடத்துபவன் கல்லூரியில் அவனோடு அறையில் தங்கியிருந்த கணித மேதை வில் மக்லான். உடனிருக்கும் வீரர்கள் எல்லோருமே வெவ்வேறு போர்க்களங்களில் உயிர் பிரியும் கணத்தில் எடுக்கப்பட்டவர்கள். ஷாங்காய்ப் போர் நடந்தது 1937 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. தொடர் வெளிவந்தபோது அந்தச் செய்திகளை வாசகர்கள் படித்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

பாத்திரங்களைப் பொறுத்தவரை நாவல் பலவீனமானது. ஒரு பெண் முழு நன்மை, இன்னொரு பெண் கவர்ச்சியான முழுத் தீமை. நடுவில் ஊசலாடும் வீரன். அந்தக் காலத்துப் பத்திரிகைக் கதைகளின் வார்ப்பு அப்படி. வில்லியம்சன் அந்த வார்ப்பைத் தாண்டுவது மக்லானின் விளக்கத்தில்தான். ஜோன்பாரும் கைரோங்கியும் இரண்டு நாடுகள் அல்ல, இரண்டு நிகழ்தகவுகள். இரண்டுமே இன்னும் உண்மையாகவில்லை. கணிதர் மின்கோவ்ஸ்கி 1908இல் வரைந்து காட்டிய நாற்பரிமாணக் காலவெளியில், ஒவ்வொரு பொருளின் பாதையும் அணுவுக்குள் இருக்கும் நிச்சயமின்மையால் ஓயாமல் கிளைக்கிறது. எந்தக் கிளை நிலைக்கும் என்பது முடிவாகும் வரை எல்லாக் கிளைகளும் போட்டியில் இருக்கின்றன. நாவல் சொல்லும் அறிவியல் இதுதான்.

நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் வளர்ந்த, முப்பதை எட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் எழுதியது இது என்பதை நினைக்க எனக்குப் பெரும் மதிப்பு தோன்றுகிறது. கதை தொடங்கும் 1927 குவாண்டம் இயற்பியலுக்கு எப்பேர்ப்பட்ட ஆண்டு! அந்த வசந்தத்தில்தான் ஹைசன்பர்கின் நிச்சயமின்மைத் தத்துவம் வெளிவந்தது. ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒருசேர எல்லையற்ற துல்லியத்தோடு வரையறுக்க முடியாது என்பது இயற்கையின் விதி என்றானது. அதே ஆண்டில் டேவிசனும் ஜெர்மரும் எலெக்ட்ரான்களை நிக்கல் படிகத்தில் மோதவிட்டு, அவை அலைகளைப் போல விலகிச் சிதறுவதைக் கண்டார்கள். 11 ஆண்டுகளுக்குள் அந்த இயற்பியல் ஒரு கதைப் பத்திரிகைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

அணுவுக்குள் நிச்சயமின்மை இருக்கட்டும். அது ஒரு சிறுவனின் கால்வரை, ஒரு நகரத்தின் தலைவிதிவரை ஏறி வருமா? ஒரு மேசையை எடுத்துக்கொண்டால் கோடானுகோடி அணுக்களின் தடுமாற்றங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மேசை மேசையாகவே நிற்கிறது. 1938இல் பெரும்பாலோர் இப்படித்தான் பதில் சொல்லியிருப்பார்கள். ஆனால் எல்லா அமைப்புகளும் மேசையைப் போல அமைதியானவை அல்ல. மூன்று கோள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் கணக்கை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதர் ஆன்ரி புவான்கரே, தொடக்கத்தில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாடு முடிவில் பெரும் வேறுபாடாக வளரக்கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கண்டுகொண்டிருந்தார். அதன் முழு வீச்சு உலகுக்குப் புரியக் கணினி வர வேண்டியிருந்தது.

1961. எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு மேசையளவுக் கணினியில் எளிய வானிலை மாதிரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய ஓட்டம் ஒன்றை நடுவிலிருந்து திரும்பப் பார்க்க விரும்பி, அச்சாகியிருந்த எண்களை எடுத்து உள்ளிட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், புது ஓட்டம் தொடக்கத்தில் பழையதை ஒட்டியே சென்று, மெல்ல விலகி, மாதிரியின் கணக்கில் ஓரிரு மாதங்களுக்குள் முற்றிலும் வேறொரு வானிலையாகியிருந்தது. கணினி தன் நினைவில் 0.506127 என்று வைத்திருந்ததை அச்சில் 0.506 என்று சுருக்கியிருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு. 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை கேயாஸ் கோட்பாட்டின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றானது.

பிரிஸ்டல் இயற்பியலர் மைக்கேல் பெர்ரி இதைக் காற்றின் மூலக்கூறுகளுக்கே போட்டுப் பார்த்தார். மோதிச் சிதறும் மூலக்கூறுகளைச் சிறு கோளங்களாக வைத்துக்கொள்வோம். பிரபஞ்சத்தின் விளிம்பில் இருக்கும் ஒரே ஓர் எலெக்ட்ரானின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவோம். ஐம்பத்துச் சொச்சம் மோதல்களுக்குப் பின், அந்த மூலக்கூறு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாமல் போகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் அத்தனை மோதல்கள் நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வினாடியைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஓரிரு பங்கு. ஒவ்வொரு மோதலும் பிழையைப் பெருக்குகிறது. பெருக்கம் இப்படி அடுக்கடுக்காக நடக்கும் இடத்தில், அணுவளவு நிச்சயமின்மை மேலேறி வராது என்று சொல்ல எந்த இயற்பியல் விதியும் துணை நிற்காது. காந்தமும் கூழாங்கல்லும் வில்லியம்சனுக்கு ஒரு கதைக்கரு. ஆனால் அவை எவ்வளவு உறுதியான தரையில் கிடக்கின்றன என்பது அவருக்கே அன்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கிளை பிரிவதற்கு இயற்பியல் மொழி கிடைத்தது 1957இல். பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் ஆய்வு செய்த ஹ்யூ எவரெட், குவாண்டம் சமன்பாட்டை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்று கேட்டார். ஓர் அளவீட்டில் இரண்டு விடைகள் சாத்தியம் என்றால், சமன்பாடு ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிப்பதில்லை. இரண்டையும் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகிறது. அப்படியானால் காந்தத்தை எடுத்த ஜான் பாரும் கல்லை எடுத்த ஜான் பாரும் இருவருமே உண்மை என்ற இடத்துக்கு வந்துவிடுகிறோம். எவரெட்டின் வாழ்க்கையும் போரிலிருந்து விலகி ஓடவில்லை. ஆய்வு வெளிவரும் முன்பே பென்டகனின் ஆயுத மதிப்பீட்டுக் குழுவில் சேர்ந்து, அணுகுண்டுப் போரில் கதிரியக்கத் தூசியால் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்கிட்டார். கிளைவிடும் உலகங்களைப் பற்றி எழுதிய அதே கை, இந்த ஓர் உலகின் அழிவை எண்ணியது. இயற்பியல் வரலாற்றில் என்னை மிகவும் பாதிக்கும் செய்திகளில் இது ஒன்று.

நாவல் இதற்கு மேலும் ஒரு படி போகிறது. ஜோன்பாரும் கைரோங்கியும் ஒன்றோடொன்று போரிடுகின்றன. ஒரு சாத்தியத்தின் வாள் மறு சாத்தியத்தின் உடலில் இறங்குகிறது. முடியுமா?

குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால் இரண்டு வளையங்கள் விரிந்து வந்து ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து, தம் வடிவம் கெடாமல் அப்பால் போகும். கடக்கும் இடத்தில் கூடிக்கொள்ளும், கழித்துக்கொள்ளும். ஆனால் ஒன்று மற்றதை உடைப்பதில்லை. குவாண்டம் சமன்பாட்டின் அடிப்படைக் குணமும் இதுதான். நேரியல் பண்பு என்பார்கள். இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் வருவதும் தீர்வே. ஒன்று எப்படி வளர வேண்டும் என்பதில் மற்றதற்குப் பேச்சே இல்லை.

கூடிக் கழியும் அந்த உறவு மட்டுமாவது இரு எதிர்காலங்களுக்கு இடையே மிஞ்சாதா? எலெக்ட்ரான்களில் மிஞ்சுகிறது. வியன்னா ஆய்வகத்தில் 1999இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து மூலக்கூறுகளுக்கும், 2019இல் சுமார் 2000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளுக்கும் அலைக் குறுக்கீட்டைக் காட்டினார்கள். அந்தச் சோதனைகளில் கவனிக்க வேண்டியது வெற்றிடம்தான். குழாய்க்குள் கொஞ்சம் வாயுவை விட்டாலே ஒளியும் நிழலுமான கோடுகள் மங்கத் தொடங்குகின்றன; அழுத்தம் கூடக்கூட முற்றாக மறைகின்றன. மோதும் ஒவ்வொரு வாயு மூலக்கூறும் 'இது எந்த வழியாகப் போனது' என்ற தகவலைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தகவல் வெளியே கசிந்த பின் இரு சாத்தியங்களும் ஒன்றையொன்று சந்திக்க முடியாது. ஜெர்மானிய இயற்பியலர் டீட்டர் செ 1970இல் தொடங்கிவைத்த இந்த விளக்கம்தான், பெரிய பொருள்களில் குவாண்டம் விசித்திரம் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு இன்று பரவலாக ஏற்கப்படும் விடை. திறந்த வெயிலில், காற்றில், மாடுகள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு காந்தம் புல்லில் கிடக்கிறது என்றால், அது கிடக்கும் செய்தி ஒவ்வொரு கணமும் கோடிக்கணக்கான ஒளித்துகள்களில் ஏறி நாலாபக்கமும் பறந்துகொண்டிருக்கிறது. கூழாங்கல் கிடக்கும் உலகோடு அதற்கு இனி எந்தத் தொடர்பும் இல்லை.

இதற்குத் தப்பும் வழி ஒன்றே ஒன்றுதான்: சமன்பாடு நேரியலாக இல்லாமல் போக வேண்டும். அப்படி இருக்குமோ என்று உண்மையிலேயே தேடினார் நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் வைன்பர்க். குவாண்டம் விதியில் மிகச் சிறிய நேரியலற்ற உறுப்பு ஒன்றைச் சேர்த்து 1989இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அதை ஆராய்ந்த ஜோசப் பொல்ச்சின்ஸ்கி 1991இல் வியப்பான ஒரு முடிவைச் சொன்னார். அந்த உறுப்பு இருந்தால், ஒன்று, ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்பலாம். அதைத் தவிர்க்க முயன்றால், கிளை பிரிந்த உலகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளலாம். இந்த இரண்டாவதற்கு 'எவரெட் தொலைபேசி' என்று பெயர். லெதோனி லானிங்கின் அறையில் தோன்றுவதற்கு வேண்டியது சரியாக இந்தக் கருவிதான். ஆனால் அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வகத்தில் பெரிலியம் அயனிகளைக் கொண்டு மிக நுட்பமாக அளந்து பார்த்ததில், நேரியல் விதியிலிருந்து எந்த விலகலும் தென்படவில்லை. க்ரோனியன் கப்பலுக்கு எதிராக இயற்பியல் வைத்திருக்கும் வலுவான சாட்சியம் அந்த அயனிகள்.

காலத்தில் பின்னோக்கிப் போவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சுழலும் பிரபஞ்சம் ஒன்றில் புறப்பட்ட கணத்துக்கே திரும்பி வரும் பாதைகள் சாத்தியம் என்று கூர்ட் கோடல் 1949இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே காட்டினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. இயற்கை விதிகளே காலப் பயணத்தைத் தடுத்துவிடும் என்பது 1992இல் ஹாக்கிங் முன்வைத்த ஊகம். அப்படியே பாதை இருந்தாலும் முன்னுக்குப் பின் முரணில்லாத நிகழ்ச்சிகள் மட்டுமே அதில் நடக்கும் என்பது ரஷ்ய இயற்பியலர் நோவிகோவின் கருத்து. அந்தக் கண்ணோடு பார்த்தால், சாகும் தறுவாயில் இருப்பவர்களை மட்டுமே படைக்கு எடுப்பது என்ற வில்லியம்சனின் ஏற்பாடு புத்திசாலித்தனமானது. அடுத்த நொடி செத்துப்போகிறவனை எடுத்துக்கொண்டால் பின்னால் நடக்க வேண்டியதில் பெரிய ஓட்டை விழாது.

ஆக, நாவலின் மிகப் பெரிய கற்பனை எது? காலக்கப்பல் என்றுதான் எவரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காந்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று மக்லான் தேடிக் கண்டுபிடிக்கிறானே, அதுதான் பெரிய கற்பனை. ஏன் என்று பார்க்க மறுபடி வானிலைக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் வில்லியம்சன் செய்த வேலை என்ன தெரியுமா? அமெரிக்க வான்படையில் வானிலைக் கணிப்பாளர். ஹார்வர்டில் கணிதம் படித்து முடித்த எட்வர்ட் லோரன்ஸ் அதே போரில், அதே வான்படையில் செய்ததும் அதே வேலை. வானிலையும் போரும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதற்கு 1944 ஜூன் மாதம் சாட்சி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்ற சிற்றூர். அங்கே அஞ்சலகத்தில் வேலை பார்த்த மௌரீன் ஃபிளாவின், மணிக்கு மணி காற்றழுத்தத்தை அளந்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஜூன் 3, அவருடைய 21ஆவது பிறந்தநாள். விடியுமுன் அவர் பார்த்த பாரமானியில் பாதரசம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை மறுபடி சரிபார்க்கச் சொல்லி இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. புயல் வருகிறது என்று வானிலைத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டாக் எச்சரிக்க, ஜூன் 5 என்று குறித்திருந்த நார்மண்டி படையிறக்கத்தை நேச நாட்டுப் படைகளின் தலைவர் ஐசனோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார். இந்த வானிலையில் யாரும் கடலைக் கடக்க மாட்டார்கள் என்று நம்பிய ஜெர்மானியத் தளபதி ரோமல், மனைவியின் பிறந்தநாளுக்காக ஜெர்மனிக்குப் போயிருந்தார்.

பிளாக்சாட் பாரமானியை ஜோன்பார் புள்ளி என்று சொல்ல மனம் விரும்புகிறது. ஆனால் அந்தப் புயல் எங்கிருந்து வந்தது? அதற்குப் பல நாள் முன்பு அட்லாண்டிக்கின் மேல் எழுந்த எத்தனையோ சுழல்களிலிருந்து. அவற்றில் எது இல்லாமல் போயிருந்தால் புயல் விலகியிருக்கும்? 1972 டிசம்பரில் பிரேசில் வண்ணத்துப்பூச்சியின் சிறகசைப்பு டெக்சாஸில் சூறாவளியைக் கிளப்புமா என்ற தலைப்பில் உரையாற்றிய லோரன்ஸ், பலரும் மறந்துவிட்ட ஒன்றையும் அதே உரையில் சொன்னார். ஒரு சிறகசைப்பு சூறாவளியை உண்டாக்க முடியும் என்றால், அதே அளவுக்குத் தடுக்கவும் முடியும். மேலும் அந்த ஒரு பூச்சியோடு இன்னும் லட்சக்கணக்கான பூச்சிகளும் சிறகடித்துக்கொண்டிருக்கின்றன. சிறியது பெரியதை மாற்றும் உலகில், எந்தச் சிறியது மாற்றியது என்று பிரித்தெடுக்க வழியில்லை. வில்லியம்சனின் முதல் கூற்றை உண்மையாக்கும் அதே கணிதம்தான் மக்லானின் தேடலை முடியாததாக்குகிறது. ஓசார்க் சரிவில் காந்தத்தோடு கூடவே வீசிய காற்றும், நின்று திரும்பிப் பார்த்த மாடும், முந்தைய இரவு சிறுவன் தூங்கிய நேரமும் கிளைகள்தான்.

இந்த அறிவு வானிலை அலுவலகங்களின் வேலை முறையையே மாற்றியது. ஒரே ஒரு கணிப்பை நம்புவதை அவர்கள் விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரிலிருந்து இயங்கும் ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலைக் கணிப்பு மையமும், அமெரிக்காவின் தேசிய மையமும் 1992இன் இறுதியில் ஒரே நாளுக்குப் பல எதிர்காலங்களைக் கணிக்கத் தொடங்கின. இன்று ஐரோப்பிய மையம் ஒவ்வொரு முறையும் 51 கணிப்புகளை ஓட்டுகிறது. அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும் மிகச் சிறு மாற்றங்களோடு, 51 வெவ்வேறு தொடக்க நிலைகளிலிருந்து. முதல் இரண்டு மூன்று நாள் அவை பெரும்பாலும் ஒட்டியே போகின்றன. சில நாள்களில் ஒரு வாரம் வரைகூடப் பிரியாமல் செல்லும். அப்போது கணிப்பாளர் துணிந்து சொல்கிறார். சில நாள்களில் மூன்றாம் நாளே பாதிக் கணிப்புகளில் புயல் வடக்கே திரும்ப, மீதியில் கரையேறுகிறது. அப்போது அவர் விகிதத்தைத்தான் சொல்ல முடியும். இரண்டு வாரத்தை ஒட்டி 51 பாதைகளும் விலகிய அளவைப் பார்த்தால், அந்தப் பருவத்தின் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 51 நாள்களுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு இருக்குமோ அவ்வளவு இருக்கும்.